ஏர் சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு காயில்ஓவர் போடலாமா? கிட்களை எடைபோடும் ஒரு விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சரியான ஸ்பிரிங்கோடு வரும் நல்ல காயில்ஓவர் கிட் (ஷாக்கைச் சுற்றிக் காயில் ஸ்பிரிங் ஏறிய, ஒரே துண்டான அமைப்பு), ஏர் சஸ்பென்ஷன் (காற்றடைத்த ரப்பர் பைகளே ஸ்பிரிங்காக இருப்பது) செத்துப்போன கனமான காருக்கு நம்பகமான மறுவாழ்வு தரும். வளைவில் பாடி சாய்வது குறையும், ஸ்டீயரிங் துல்லியமாகும், காலையில் ஒரு மூலை தரையோடு படிந்து கிடக்கும் கவலை தீரும். ஆனால் அந்தக் காரை வாங்க வைத்த மிதக்கும் சுகம் திரும்பி வராது. "அதே சொகுசு, கூடவே ஸ்போர்ட்டி" என்று விற்பனைப் பக்கத்தில் இருந்தால் நம்ப வேண்டாம்.

இந்த மாற்றத்துக்கு அதிகம் ஆளாகிற வண்டிகள் பெரும்பாலும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை: 1998-ல் ஏர்மேட்டிக் என்ற ஏர் சஸ்பென்ஷனோடு வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் டபிள்யூ220, 2000-ல் வந்த ஆடி ஆல்ரோட் சி5, ஏர் சஸ்பென்ஷன் கொண்ட லெக்சஸ் எல்எஸ் வகைகள், பின்பக்கம் மட்டும் ஏர் வைத்த பிஎம்டபிள்யூ ஈ61 டூரிங். எல்லாவற்றிலும் நோய் ஒன்றுதான். ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் மடிந்து உருளும் இடத்தில் வெடிப்பு விழுந்து காற்று கசிகிறது. கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடிச் சூடாகிறது. ஈரத்தை உறிஞ்சும் டிரையர் நிரம்பி, காற்றை ஒவ்வொரு மூலைக்கும் பிரித்தனுப்பும் வால்வ் பிளாக்குக்குள் ஈரம் போகிறது. ஆகவே ஒரு ஸ்ட்ரட்டை (ஏர் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த துண்டு) மட்டும் மாற்றினால் அடுத்தது கம்ப்ரசர், அதற்கடுத்தது ரிலே என்று செலவு வரிசையில் நிற்கும். காயில்ஓவர் பக்கம் பலர் திரும்புவது இந்தக் கட்டத்தில்தான்.

கிடைக்கும் மாற்று கிட்கள் மூன்று வகை. ஆர்னாட், ஸ்ட்ரட்மாஸ்டர்ஸ் போன்றவை விற்கும் நிலையான உயர ஸ்பிரிங் கிட்கள் முதல் வகை. கம்பெனி உயரத்தை ஒட்டி நிற்கும், திருப்பிச் சரிசெய்ய எதுவும் இருக்காது, டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்கை அணைக்க ஒரு சிறு மாட்யூலும் சில வண்டிகளுக்கு வரும். பிசி ரேசிங் பிஆர் போன்ற, உயரமும் டேம்பிங்கும் (ஷாக் ஆட்டத்தை அடக்கும் அளவு) மாற்றக்கூடிய ஒற்றைக் குழாய் (மோனோட்யூப்) காயில்ஓவர்கள் இரண்டாவது வகை. கேடபிள்யூ வேரியன்ட் 3, பில்ஸ்டைன் பி16 என்று மேல்தட்டில் இருப்பவை மூன்றாவது. இந்த விமர்சனம் பெரும்பாலும் இரண்டாவது வகையைப் பற்றியது. ஏர் வண்டிகளுக்கு நேரடியாகப் பொருந்தும்படி பரவலாகக் கிடைப்பது அதுதான். மூன்றாவது வகையில் உங்கள் மாடலின் ஏர் பதிப்புக்கென்றே பட்டியலிட்ட பாகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண ஸ்பிரிங் பதிப்புக்கான பாகத்தை வாங்கி வைத்தால் மேல் மவுண்ட், கீழ் ஃபோர்க், சில வண்டிகளில் லோயர் ஆர்ம்கூட பொருந்தாமல் போகலாம்.

ஏர் என்ன செய்துகொண்டிருந்தது?

அது தெரியாமல் கிட் வாங்குவதால்தான் பாதி ஏமாற்றங்கள். ஏர் ஸ்பிரிங் பாரத்துக்கு ஏற்பத் தன் விறைப்பை மாற்றிக்கொள்கிறது. பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் கம்ப்ரசர் காற்றை ஏற்றி உயரத்தை மீட்கும். உள்ளே அழுத்தம் கூடுவதால் விறைப்பும் கூடும். அதனால் தனி ஆள் ஓட்டினாலும் முழுக் குடும்பம் ஏறினாலும் பாடி ஆடும் வேகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சொகுசுக் கார்களில் அது விநாடிக்கு ஒரு முறையை ஒட்டி, அதாவது 1 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும்.

காயில் ஸ்பிரிங்குக்கு இந்தப் புத்தி கிடையாது. பாரம் ஏற ஏற இறங்கும், அவ்வளவுதான். எவ்வளவு இறங்கும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். பின்சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு ஒரு பக்கத்துக்கு மி.மீ.க்கு 40 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் சேர்ந்து 80. பின் ஆக்சிலின் மேல் 200 கிலோ கூடினால் வண்டி சுமார் 25 மி.மீ. அமுங்கும். தாழ்த்தி வைத்த காரில் அந்த 25 மி.மீ.தான் டயருக்கும் ஃபெண்டருக்கும் இடையில் மிச்சமிருந்த இடமாக இருக்கும்.

ஸ்பிரிங்: கிட்டின் உயிர் இங்கேதான்

விளம்பரங்களில் 30 கிளிக், 32 கிளிக் என்று டேம்பிங் குமிழைப் பெரிதாகக் காட்டுவார்கள். கனமான சொகுசுக் காரில் அதெல்லாம் இரண்டாம்பட்சம். ஸ்பிரிங்கின் விறைப்பும் நீளமும் தவறாக இருந்தால் எந்தக் கிளிக்கும் காப்பாற்றாது.

ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் பாரம் 450 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர்மேலே இல்லாமல் லோயர் ஆர்மின் நடுப்பக்கம் உட்கார்ந்திருந்தால் நெம்புகோல் விகிதம் ஒன்று வரும். சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டும் அமுங்கினால் விகிதம் 0.7. அப்போது ஸ்பிரிங்கின் மேல் உண்மையில் விழும் பாரம் 450-ஐ 0.7-ஆல் வகுத்தது, சுமார் 643 கிலோ. சக்கரத்தில் உணரும் விறைப்போ ஸ்பிரிங் விறைப்பை 0.7-ஆல் இருமுறை பெருக்கியது, அதாவது பாதிக்கும் சற்றுக் குறைவு.

மி.மீ.க்கு 5 கிலோ ஸ்பிரிங் போட்டால் பாடி ஆடும் வேகம் சுமார் 1.16 ஹெர்ட்ஸ். கம்பெனி சொகுசுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். ஆனால் வண்டி சும்மா நிற்கும்போதே அந்த ஸ்பிரிங் 129 மி.மீ. அமுங்கியிருக்கும். மேட்டில் சக்கரம் இன்னும் 60 மி.மீ. ஏற இடம் வேண்டுமென்றால் ஸ்பிரிங்குக்கு மேலும் 42 மி.மீ. தேவை. ஆக மொத்தம் 171 மி.மீ. பெட்டியில் வரும் ஸ்பிரிங்கோ 200 மி.மீ. நீளம், சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும் உயரம் 85 என்றால் அமுங்க இருப்பது வெறும் 115. போதவே போதாது. 8 கிலோ ஸ்பிரிங்குக்கு 80-உம் 42-உம் சேர்த்து 122 வேண்டும், அதுவும் நூலிழையில் தவறுகிறது. 10 கிலோ போட்டால் 106-ல் அடங்கிவிடும். ஆனால் ஆடும் வேகம் 1.64 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். ரோட்டின் ஒவ்வொரு ஒட்டும் முதுகில் தெரியும்.

குட்டை ஸ்பிரிங் வைத்த மலிவு கிட்கள் கல்லுப்போல் இருப்பதற்குக் காரணம் இதுதான். கனமான காரைக் குட்டை ஸ்பிரிங்கால் தாங்க வேறு வழி கிடையாது. எனவே ஆர்டர் கொடுக்கும் முன் விற்பவரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஸ்பிரிங் விறைப்பு, ஸ்பிரிங் நீளம், ஷாக்கின் மொத்த ஸ்ட்ரோக் (அது நீண்டு சுருங்கும் தூரம்). இந்த மூன்றையும் சொல்ல முடியாத விற்பனையாளரிடம் வாங்குவதில் அர்த்தமில்லை. பிசி ரேசிங் போன்றவற்றில் விறைப்பை மாற்றி ஆர்டர் கொடுக்கும் வசதி உண்டு. கனமான சொகுசுக் காருக்கு அந்த வசதியை நான் அவசியம் என்றே சொல்வேன். விறைப்பைக் குறைத்தால் நீளமான ஸ்பிரிங்கையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைக் கேட்டால் மேலே சொன்ன கணக்கு உதைக்கும்.

இன்னொன்று. அதே 8 கிலோ ஸ்பிரிங், விகிதம் 0.9 உள்ள அமைப்பில், அதாவது ஸ்ட்ரட், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கு அருகே உட்காரும் வண்டியில், 1.89 ஹெர்ட்ஸ் தரும். 0.7-ல் 1.47-தான். ஆகவே "அந்தக் காரில் 8 கிலோ நன்றாக இருந்தது" என்ற பரிந்துரையை வேறு மாடலுக்கு அப்படியே எடுத்துவரக் கூடாது.

பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது) பற்றிப் பரவலாக ஒரு தப்பெண்ணம் உண்டு. ஸ்பிரிங் இருக்கையை மேலே திருகினால் வண்டி விறைப்பாகும் என்பார்கள். ஒரே சீரான ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது. 8 கிலோ ஸ்பிரிங்கை 5 மி.மீ. முன்கூட்டி அமுக்கினால் அதில் தேங்குவது 40 கிலோ விசை. மேலே இருப்பது 643 கிலோ. வண்டியை இறக்கியதும் அந்த 40 கிலோ கணக்கில் கரைந்துவிடும்; விறைப்பு அப்படியே இருக்கும், உயரம் மட்டும் மாறும். இதனால்தான் பல கையேடுகள் "பிரீலோடு பூஜ்யம், கையால் இறுக்கினால் போதும்" என்கின்றன. லேசான காருக்கு அது சரி. கனமான காரில், ஷாக்கின் ஸ்ட்ரோக் 120 மி.மீ., ஸ்பிரிங் நிற்கும்போதே 80 அமுங்குகிறது என்றால், மேலே ஏற 40 மட்டுமே மிச்சம். அங்கே 15 மி.மீ. பிரீலோடு கொடுத்தால் ஷாக் 65-ல் நிற்கும், மேலே 55 கிடைக்கும். கீழே தொங்குவதற்கும் 65 இருக்கிறது, தாராளம். இப்படிக் கொடுத்தபின் உயரம் கூடிவிட்டால் அதை, ஷாக்கின் அடிமுனையில் மரையில் ஏறியிருக்கும் கீழ் பிராக்கெட்டைத் திருகிக் குறைக்க வேண்டும். பிரீலோடு ஸ்ட்ரோக்கின் நடுவைக் கண்டுபிடிக்க, கீழ் பிராக்கெட் உயரத்தை வைக்க. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பின்பக்கத்தில் ஒரு பொறி

ஏர் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி இடத்தில் இருக்கும் வண்டிகள் உண்டு. ஈ61 டூரிங்கின் பின்பக்கம் அப்படித்தான். அங்கே ஷாக்கின் மேல் மவுண்ட், ஷாக்கின் விசையை மட்டும் தாங்கவே வடிவமைக்கப்பட்டது. அந்த இடத்தில் காயில்ஓவரைப் பூட்டினால், வண்டியின் பின்பாரம் முழுவதும் அந்த மெல்லிய தகட்டில் போய் விழும். மவுண்டைச் சுற்றி பெயிண்ட் வெடிக்கும், பிறகு தகடு கிழியும், டிக்கிக்குள் சத்தம் வரும். இத்தகைய வண்டிக்கு ஸ்பிரிங் பழைய ஏர் ஸ்பிரிங்கின் இடத்திலேயே உட்கார்ந்து, அதன் மேலோ கீழோ உயரம் மாற்றும் கப் இருக்கும் கிட்தான் சரி. ஷாக் தன் இடத்தில் தனியாக நிற்கும். "நான்கு மூலையிலும் உண்மையான காயில்ஓவர்" என்று விற்பதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வண்டிகளில் அது குறை.

பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டியவை

பிசி ரேசிங் பிஆர் வகையில் ஒரே குமிழ், 30 நிலைகள். அது ரீபவுண்டையும் (ஷாக் நீளும்போதுள்ள தடை) கம்ப்ரஷனையும் (அமுங்கும்போதுள்ள தடை) சேர்த்தே மாற்றும். பில்ஸ்டைன் பி16 பிஎஸ்எஸ்10-இலும் ஒரே குமிழ்தான், 10 நிலைகள். நிலைகள் குறைவு என்பதால் தாழ்வில்லை. 30-ல் அடுத்தடுத்த இரண்டு கிளிக்குகளுக்கு வித்தியாசம் உணரவே முடியாது. கேடபிள்யூ வேரியன்ட் 3-ல் ரீபவுண்டும் கம்ப்ரஷனும் தனித்தனி, உடல் துருப்பிடிக்காத ஸ்டீல். கனமான காருக்கு இந்தத் தனித்தனி சரிசெய்தல் உண்மையிலேயே பயன்படும். பாடி மிதப்பதை ரீபவுண்டால் அடக்கிவிட்டு, பள்ளத்தில் குத்துவதைக் கம்ப்ரஷனால் தணிக்கலாம். ஒரே குமிழில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும்.

மேல் மவுண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரப்பர் இல்லாமல் உருண்டை பேரிங் மட்டும் இருந்தால் ஸ்டீயரிங் துல்லியம் கூடும். ஆனால் கண்ணாடியும் கதவும் இறுக்கமாக மூடிய அமைதியான கேபினில் ஒவ்வொரு சிறு கல்லும் டக் டக்கென்று கேட்கும். சில மாதத் தூசியும் மழையும் பட்டால் அந்தப் பேரிங்கில் ஆட்டம் வந்து சத்தம் இரட்டிப்பாகும். எஸ்-கிளாஸ், எல்எஸ் மாதிரி வண்டிக்கு ரப்பர் மவுண்ட் இருக்கும் கிட்டையே எடுக்கச் சொல்வேன், அல்லது கம்பெனி ரப்பர் மவுண்டைப் பொருத்த முடியும் கிட்டை.

பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் வயர் ஆகியவற்றைப் பிடிக்கும் பிராக்கெட் ஷாக்கின் உடலில் வெல்டு செய்து வந்திருக்கிறதா? இல்லையென்றால் கேபிள் டை கட்டிச் சமாளிப்பார்கள், சக்கரம் முழுதாகத் திரும்பும்போது ஹோஸ் டயரில் உரசும். இதை நான் சிறு குறை என்று தள்ள மாட்டேன். பிரேக் சம்பந்தப்பட்ட எதுவும் சிறு குறை கிடையாது.

பம்ப் ஸ்டாப் (ஷாக் கடைசிவரை அமுங்கும்போது தடுக்கும் மெத்தை) எத்தனை நீளம், என்ன பொருள் என்பதும் முக்கியம். மஞ்சள் நிறத்தில் நுரைபோல் இருக்கும் பாலியூரிதேன் வகை மெல்ல மெல்ல விறைப்பாகும். கெட்டி ரப்பர் குமிழ் சுவரில் மோதியதுபோல் நிற்கும்.

பொருத்தும்போது

காற்றை முதலில் இறக்க வேண்டும். ஸ்கேனரால் ஒவ்வொரு மூலையாக இறக்குவதே பாதுகாப்பு. அந்த வசதி இல்லாவிட்டால் வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரங்கள் தொங்கும் நிலையில், ஸ்ட்ரட்டுக்குப் போகும் குழாயின் ஃபிட்டிங்கை மிக மெதுவாகத் தளர்த்துங்கள். சீறல் நிற்கும்வரை முழுதாகக் கழற்றக் கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். பல ஸ்ட்ரட்களில் எஞ்சிய அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வ் உண்டு. குழாய் காலியாகிவிட்டது என்பதால் ஸ்ட்ரட் காலியாகிவிட்டதாக அர்த்தமில்லை. வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது யாரும் அடியில் கையை நீட்டி இந்த வேலையைச் செய்யக் கூடாது. காற்று போனதும் பாடி உட்கார்ந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை: ஏர் நன்றாக நிற்கும் மூலைகளில், ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று, தரைச் சரிவு எல்லாம் கணக்கைக் கெடுக்கும். ஆல்ரோட் சி5 போன்ற வண்டியில் எந்த நிலையில் அளந்தோம் என்பதும் எழுதப்பட வேண்டும். அதன் தரை இடைவெளி 142-இல் இருந்து 208 மி.மீ. வரை நான்கு நிலைகளில் மாறும்.

கழற்றிய ஏர் குழாய்களின் வாயை உடனே மூடுங்கள், வால்வ் பிளாக்கின் துளைகளையும் சேர்த்து. தூசி போனால் பிறகு திரும்ப ஏர் போட நினைக்கும்போது வால்வ் பிளாக்கும் சேர்ந்தே போயிருக்கும்.

ஷாக் ராடின் மேல் நட்டை ஏர் கன்னால் அடித்து இறுக்குவது பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் தப்பு. ராடு உள்ளே சுழன்று சீலைக் கிழிக்கும், சில வாரத்தில் எண்ணெய் கசியும், கிட்தான் மோசம் என்று பழி விழும். ராடின் நுனியை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு கை ஸ்பேனரால் இறுக்கி, டார்க் ரெஞ்சில் முடிக்க வேண்டும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது கிட்டின் கையேட்டில் இருக்கும். ஆர்ம் போல்ட்களுக்கு வண்டி கம்பெனியின் கையேடு. ஒருமுறை நீண்டபின் மறுபடி பயன்படுத்தக் கூடாத போல்ட்கள் என்று கையேடு சொன்னால் புதியதே போட வேண்டும்.

ஆர்ம் புஷ்களின் போல்ட்களை வண்டி தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் இறுக்கிய கோணத்தையே தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கி இறக்கினால் அது எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும்; உயரம் பொய்யாகத் தெரியும், சீக்கிரமே கிழியும். சக்கரத்தின் கீழ் ஜாக்கி கொடுத்து, எழுதி வைத்த உயரத்துக்கு ஹப்பை ஏற்றிய பிறகே இறுதி இறுக்கம்.

முதல் மூலையைப் பொருத்தும்போது ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை மட்டும் மாட்டி, சக்கரத்தைப் போட்டு, ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் முழுதாக நசுங்கும்வரை ஏற்றிப் பாருங்கள். டயர் ஃபெண்டர் லைனரில் முட்டுகிறதா, ஸ்பிரிங் இருக்கை அப்பர் ஆர்மில் உரசுகிறதா, ஸ்டீயரிங்கை இருபக்கமும் திருப்பினால் என்ன ஆகிறது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கீழ் பிராக்கெட்டைத் திருகி உயரத்தைக் குறைக்கும் வகை கிட்டில் இது கட்டாயம். ஏனென்றால் அங்கே ஸ்ட்ரோக் குறையாமல் உயரம் மட்டும் குறைகிறது. பம்ப் ஸ்டாப் தடுப்பதற்கு முன்பே டயர் தகட்டில் போய் இடிக்கலாம். இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம், ஒரு ஃபெண்டரை நிமிர்த்த ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கீழ் பிராக்கெட்டுக்குள் ஷாக் உடலின் மரை எவ்வளவு நுழைந்திருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவைக் கையேடு சொல்லும். உயரம் கூட்டும் ஆசையில் அந்த அளவுக்கு வெளியே திருகக் கூடாது. ஏர் வண்டியின் பழைய உயரத்தை எட்ட முயலும்போது இந்தத் தவறு நிறைய நடக்கிறது. உயரம் போதவில்லை என்றால் நீளமான ஸ்பிரிங்கையோ நீளமான உடலையோ கேட்டு வாங்க வேண்டும்.

மின்சாரப் பக்கம்

கம்ப்ரசரின் ரிலேயை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இல்லாத ஸ்ட்ரட்டை நிரப்ப அது ஓடிக்கொண்டே இருக்கும். ஃபியூஸைப் பிடுங்கும் முன் அதே ஃபியூஸில் வேறென்ன ஓடுகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். உயர சென்சார்களை மட்டும் கழற்ற வேண்டாம். பல வண்டிகளில் ஹெட்லைட் தானாக ஏறி இறங்குவது அவற்றை நம்பித்தான் நடக்கிறது. சென்சார் தொங்கினால் லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அல்லது பானெட்டுக்கு முன்னாலேயே விழும். வண்டியைத் தாழ்த்தினால் சென்சாரின் இணைப்புக் கம்பி நீளத்தையும் சரிசெய்து, கடைசியில் ஹெட்லைட் குறியையும் மறுபடி வைக்க வேண்டும்.

எச்சரிக்கை விளக்குக்கு மிகச் சுத்தமான தீர்வு, வண்டி அனுமதித்தால், ஸ்கேனரால் கோடிங்கை ஸ்டீல் ஸ்பிரிங் பதிப்புக்கு மாற்றுவது. எல்லா மாடலும் அதை அனுமதிக்காது. அப்படிப்பட்டவற்றுக்கு மாட்யூலை ஏமாற்றும் சிறு எமுலேட்டர் கிடைக்கிறது. விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது தீர்வாகாது. பல கார்களில் அதே திரையில்தான் பிரேக் எச்சரிக்கையும் வரும்.

ஷாக்கிலேயே எலக்ட்ரானிக் டேம்பிங் இருந்த வண்டி என்றால், கழற்றிய இணைப்பானில் ரெசிஸ்டர் வைத்து மாட்யூலை அமைதிப்படுத்துவார்கள். பழைய ஷாக்கிலுள்ள மின்காயிலின் ஓம் அளவை மல்டிமீட்டரால் அளந்து அதற்குப் பொருந்துவதையே வாங்க வேண்டும். வாட் அளவையும் கவனியுங்கள்: 5 ஓமில் 1.5 ஆம்பியர் ஓடினால் 11 வாட்டுக்கு மேல் சூடு. கால் வாட் ரெசிஸ்டரை ஹீட் ஷ்ரிங்கில் சுற்றி வைத்தால் வயர் உறை உருகும். அலுமினிய உறை போட்ட வகையை ஏதாவது உலோகப் பரப்பில் திருகி வைக்க வேண்டும்.

உயரம், டேம்பிங்

ஸ்பிரிங் இருக்கையை 10 மி.மீ. திருகினால் வண்டி 10 மி.மீ. இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 0.7 விகிதத்தில் அது 14 ஆகும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டையும் டிக்கியையும் நாலு முறை அமுக்கிவிட்டு அளக்கவும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் டயர்கள் பக்கவாட்டில் பிடித்து நிற்பதால் உயரம் கூடுதலாகவே காட்டும். இடது வலது உயரத்தை மி.மீ. துல்லியத்தில் ஒன்றாக்கத் துடித்து ஒரு மூலையில் அதிகப் பாரம் ஏற்றிவிடுபவர்கள் உண்டு. மூலை எடை போடும் தராசு கிடைத்தால், ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, குறுக்குப் பாரம் (ஒரு முன்மூலையும் அதன் எதிர்ப்பக்கப் பின்மூலையும் சேர்ந்த எடை) மொத்தத்தில் 50 சதவீதத்தை ஒட்டி வருமாறு வைப்பது சரி. கிடைக்காவிட்டால் மூன்று, நான்கு மி.மீ. வித்தியாசத்தை அப்படியே விட்டுவிடலாம்.

டேம்பிங்கை நடுவில் வைத்துத் தொடங்குங்கள். எண்ணும்போது எந்த முனையிலிருந்து எண்ணுகிறோம் என்பது கிட்டுக்குக் கிட் மாறும். கையேட்டைப் பார்த்து, நான்கு மூலைக்கும் ஒரே பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். முழுதாக மூடிய நிலையில் வலுக்கட்டாயமாகத் திருகினால் உள்ளே இருக்கும் ஊசி கெடும். ஸ்பீடு பிரேக்கர் தாண்டியபின் பாடி ஒன்றரை முறைக்கு மேல் ஆடினால் ரெண்டு மூன்று கிளிக் கூட்டுங்கள். தொடர்ச்சியான சிறு பள்ளங்களில் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து விறைத்துக்கொண்டே போகிறது என்றால் ரீபவுண்ட் அதிகம், குறைக்க வேண்டும். இதைப் பலர் ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறது என்று தவறாகப் புரிந்துகொண்டு இன்னும் கூட்டிவிடுவார்கள். ஷாக் ராடில் ஒரு கேபிள் டையைத் தளர்வாகக் கட்டிவிட்டு வழக்கமான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். அது எங்கே போய் நிற்கிறதோ அதுவரை ஷாக் அமுங்கியிருக்கிறது. தினமும் பம்ப் ஸ்டாப்பை நசுக்குகிறது என்றால் பிரச்சினை கிளிக்கில் இல்லை. உயரத்திலோ ஸ்பிரிங்கிலோ இருக்கிறது.

அலைன்மென்டை உடனே ஒருமுறை, ஸ்பிரிங் உட்கார்ந்தபின் 500 கி.மீ. வாக்கில் இன்னொரு முறை. தாழ்த்தினால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்பக்கம் உள்ளே சாய்வது) கூடும். ஆனால் டயரின் உள் ஓரத்தை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பதுதான். கேம்பர் சரிசெய்யும் வசதி இல்லாத வண்டியில் ரொம்பத் தாழ்த்தினால் சரிசெய்யும் ஆர்ம்களும் வாங்க வேண்டிவரும். அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் வைக்கவும்.

சத்தம் வந்தால்

மாற்றியபின் வரும் புகார்களில் முக்கால்வாசி சத்தம்தான். மெதுவாகப் போகும்போது டொக் டொக் என்று வந்தால் முதலில் ஸ்பிரிங் இருக்கையைப் பிடித்து நிறுத்தும் லாக் காலரைப் பாருங்கள். இரண்டு காலரும் ஒன்றோடொன்று இறுகாமல் இருந்தால் ஸ்பிரிங் தொங்கும்போது இருக்கை ஆடும். சி ஸ்பேனர் இரண்டு வேண்டும், ஒன்றால் பிடித்து மற்றொன்றால் பூட்ட. ஸ்டீயரிங் திருப்பும்போது டிங் என்று ஸ்பிரிங் துள்ளினால் மேல் இருக்கையில் பேரிங் இல்லை, அல்லது ஸ்பிரிங் நுனி சரியாக உட்காரவில்லை. லிஃப்டிலிருந்து இறக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால், ஷாக் முழுதாக நீளும்போது ஸ்பிரிங் தளர்ந்து விடுகிறது. உதவி ஸ்பிரிங் ஒன்று வைத்தால் தீரும். இதில் எதுவும் இல்லாமல் மந்தமான இடி வந்தால், பழைய ஆர்ம் புஷ்களும் ஸ்டெபிலைசர் லிங்க்குகளும்தான் காரணமாக இருக்கும். மென்மையான ஏர் இருந்தவரை மறைந்திருந்த தேய்மானம், விறைப்பான ஸ்பிரிங்கில் வெளியே வந்துவிடுகிறது. லிங்க்குகளை இதே வேலையோடு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

மரைகளுக்குப் பராமரிப்பு வேண்டும். தூசியும் ஈரமும் பட்டால் காலர்கள் இறுகிப்போய், ஒரு வருடத்தில் "சரிசெய்யக்கூடிய" காயில்ஓவர் சரிசெய்ய முடியாததாகிவிடும். பொருத்தும்போதே மரையைத் துடைத்து, மரை இறுகாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை தடவி, மேலே ஒரு ரப்பர் உறை போட்டு வைக்கலாம். அந்த வகையில் கேடபிள்யூவின் துருப்பிடிக்காத உடல் கொடுக்கும் காசுக்கு நியாயம் செய்கிறது.

யாருக்கு வேண்டாம்

டிரெய்லர் இழுப்பவர்கள், அடிக்கடி முழுப் பாரம் ஏற்றுபவர்கள் ஏரிலேயே இருக்கட்டும். லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 போன்ற வண்டியில் காற்று வழியாக இடது வலது ஸ்பிரிங்குகளை இணைத்துக் கரடுமுரடில் சக்கரத்தைத் தரையில் வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு காயில் போடுவது அந்த வண்டியின் திறமையில் பாதியைப் பிடுங்குவது. ஒரே ஒரு ஸ்ட்ரட் கசிகிறது, கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது என்றாலும் நான் காயில்ஓவர் பக்கம் போகச் சொல்ல மாட்டேன். மாற்று ஏர் ஸ்பிரிங் ஒன்றும் புதிய டிரையரும் ரிலேயும் போட்டால் அதே சொகுசு பல வருடம் நிற்கும்.

சொகுசே முதன்மை, ஆனால் ஏர் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு நிலையான உயர ஸ்பிரிங் கிட் போதும். உயரம் மாற்றும் வசதிக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண். வண்டியைத் தாழ்த்த வேண்டும், வளைவில் உறுதியாக நிற்க வேண்டும், ஏர் அமைப்பு முழுதுமே போய்விட்டது என்பவர்களுக்கு, ஸ்பிரிங் விறைப்பைக் கேட்டு வாங்கிய பிஆர் வகை நல்ல தேர்வு. உங்கள் மாடலின் ஏர் பதிப்புக்கென்றே வேரியன்ட் 3 இருந்து, அதற்குக் கையில் காசும் இருந்தால், அதையே எடுங்கள். எதை எடுத்தாலும் சஸ்பென்ஷன் மாற்றத்துக்கு உங்கள் ஊர்ச் சட்டம் பரிசோதனையோ சான்றிதழோ கேட்கிறதா என்பதையும், இன்சூரன்ஸுக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதையும் ஆர்டருக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். கழற்றிய கம்ப்ரசர், வால்வ் பிளாக், நன்றாக இருக்கும் ஸ்ட்ரட்கள் எல்லாவற்றையும் வாயடைத்து, எந்த மூலை என்று எழுதி ஒட்டி, எடுத்து வையுங்கள். விற்கும்போது ஏர் வேண்டும் என்று கேட்கும் ஆள் வருவார்.